போடப் போட சரியாகிவிடும்

எங்கள் மகள் பேசிய முதல் வார்த்தை அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. வேணாம். இரண்டு வருடம் பேச்சுப் பயிற்சிக்கு அலையாய் அலைந்து, ஆறு வயதில் கிடைத்த வார்த்தை. அதன் பிறகு குளிக்கக் கூப்பிட்டால் வேணாம், சீப்பை எடுத்தால் வேணாம், என் தம்பி வாசலில் வந்து நின்றால் வேணாம். மூன்றாவதில் எனக்கும் உடன்பாடுதான். எதைக் கொண்டுபோனாலும் திருப்பி அனுப்புகிறாள் என்று அவள் அப்பா அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்.

எட்டு வயதில் சிறப்புப் பள்ளியில் இடம் கிடைத்தது. பதினாலு மாதம் காத்திருந்த இடம். சேர்த்த அன்றே அவளுக்கான இலக்குகளை எழுதிக் கொடுத்தார்கள். முதல் இலக்கு, மறுப்பைக் குறைத்தல். எங்கள் வழக்கப்படி படிக்காமலே கையெழுத்துப் போட்டோம்.

முதல் மாத அறிக்கையில் அந்த இலக்கில் நாற்பது சதவீதம். அடுத்ததில் எழுபத்தைந்து. மூன்றாவதில் நூறு. வீட்டிலும் நூறுதான். கொடுத்ததைச் சாப்பிட்டாள், உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்தாள். என் தம்பி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தான், அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அந்த நூறு எனக்கு உறுத்தியது.

நான் செருப்புக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எதிர்ச்சாரியில் நடந்து போகிறவரின் சைஸை இங்கிருந்தே சொல்லிவிடுவேன். ஒரு புதன்கிழமை பள்ளி வேனிலிருந்து மகள் இறங்கி நடந்தபோதே அது அவள் ஷூ இல்லை என்று தெரிந்துவிட்டது. வேறு ஏதோ பிள்ளையுடையது, இரண்டு சைஸ் சின்னது. கழற்றினால் குதிகால் தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பையிலிருந்த குறிப்பேட்டில் அன்றைய வரி: "காலை விளையாட்டு முடிந்து ஷூ அணிய மறுக்கவில்லை. மிக நன்று." பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

அவள் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நானும் வீட்டுக்காரரும் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஷூ மாறியதற்கு மன்னிப்புக் கேட்டார், இனிமேல் எல்லா ஷூவிலும் பெயர் ஒட்டுவதாகச் சொன்னார். போடும்போது இவள் வேணாம் என்று சொல்லவில்லையா என்று கேட்டேன். இப்போதெல்லாம் அப்படிச் சொல்வதே இல்லை என்று வகுப்பு ஆசிரியை பெருமையாகச் சொன்னார். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பேர். பேசாமல் உட்காரும் பிள்ளை அவருக்கு வரம்தான், குறை சொல்ல முடியாது. இந்த இடம் இவளுக்கு ஒத்துவரவில்லை என்றேன்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்மா," என்றார் தலைமையாசிரியை. "போகப் போக சரியாயிடும்."

போடப் போட சரியாயிடும் என்று நான் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்கிறேன்.

"நானும் கடையில இதையேதான் சொல்லுவேன் மேடம்," என்றேன். "கேக்கிற சைஸ் இல்லாதப்போ."

அவர், இப்போது விட்டால் இந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும், இன்னும் இரண்டு வருடத்துக்கு வேறு எங்கேயும் கிடைக்காது என்று மெதுவாகச் சொன்னார். அது பொய்யில்லை. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். முடிவெட்டுகிறவர் கோணலாக வெட்டிவிட்டாலும் நன்றி சொல்லிவிட்டு வருவார்.

"வேணாங்க," என்றார். "எங்க வீட்ல யாராவது ஒருத்தர் அதைச் சொல்லணுமே."

இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள்; காலையில் நான் கடைக்கு, மதியத்துக்கு மேல் அவர் பஸ்ஸுக்கு. இன்னொரு பள்ளியில் மனுக் கொடுத்திருக்கிறோம். கடையில் சைஸ் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடுகிறேன். முதலாளி முறைக்கிறார். ஐந்து வாரமாகியும் மகள் வாயில் அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. நாங்களே கெடுத்துவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புது ஷூ கொண்டுவந்தேன். இரண்டு தடவை அளந்து எடுத்தது. ஒரு காலில் மாட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதை எடுத்ததும் என் கையைத் தள்ளினாள்.

"வேணாம்."

வீட்டுக்காரர் பாதிச் சவரத்தில் ஓடி வந்தார். மேனேஜர் வேலைக்குத் திரும்பியாச்சா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

மறுநாள் ஷூவைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனேன். சைஸ் சரியில்லையா என்று முதலாளி கேட்டார்.

"சைஸெல்லாம் சரிதாங்க," என்றேன். "அவளுக்கு வேணாமாம்."