ஒன்பதாவது சிடி

பழைய சிடி பிளேயர் நின்றுபோய்ப் பதினோரு நாள் ஆகிவிட்டது. அதற்கு முன் இரண்டு முறை பழுது பார்த்தாயிற்று. மூன்றாவது முறை மூடியைத் திறந்தபோது உள்ளே எதுவும் சுற்றவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. மனைவி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் சிடி உறைகளை அடுக்கி வைத்துக்கொண்டு விரலால் எண்ணிக்கொண்டிருப்பாள். ஒன்பது உறைகள். சர்க்கரை நோய் கண்ணைத் தின்னத் தொடங்கிய காலத்திலேயே அவள் ஒவ்வொன்றின் மூலையிலும் ஊசியால் புள்ளி குத்தி வைத்திருந்தாள். ஒன்பதாவதில் ஒன்பது புள்ளி.

அவற்றில் இருந்தது மகளின் குரல். நான்கு வருடத்துக்கு முன் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டவள். பார்வையற்ற மாணவர்களுக்கான நூலகம் ஒன்றுக்காக, சம்பளம் இல்லாமல், பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நகலாக வீட்டில் வைத்திருந்த எட்டு சிடிகளிலும் வேளாண்மைப் புத்தகம் ஒன்றை ஒரே சீரான குரலில் வாசிக்கிறாள். தெரியாதவர்கள் கேட்டால் யாரோ டீச்சர் என்று நினைப்பார்கள். ஒன்பதாவது சிடி, சரியாக வரவில்லை என்று அவளே ஒதுக்கி வைத்தது. அதன் கடைசியில், களிமண்ணில் தண்ணீர் எப்படி இறங்கும் என்று வாசித்துக்கொண்டிருக்கையில் கதவுக்கு வெளியிலிருந்து அம்மாவின் குரல் கேட்கிறது: "சாப்பாடு ஆறிப்போகுதுடி." மகள் லேசாக இருமுகிறாள். "இரும்மா, ஒரு பத்திதான் பாக்கி," என்கிறாள். பிறகு, "போச்சு, இதுவும் பதிவாயிடுச்சு," என்று சிரிக்கிறாள். மொத்தம் பதினொரு விநாடி. அந்தப் பாடத்தை மறுபடி வாசித்து நூலகத்துக்கு அனுப்பிவிட்டாள். கெட்டுப்போன பதிவு வீட்டிலேயே தங்கிவிட்டது.

போட்டோக்கள் பீரோவில் இருந்தன. மனைவிக்கு இப்போது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும்தான் தெரியும்.

"பெரிய விலையில எதுவும் வேண்டாங்க," என்றாள். "நான் என்ன கச்சேரியா கேக்கப்போறேன். தடவினா பட்டன் தெரியணும். அடிக்கடி படுத்துக்கக் கூடாது. ஒன்பதாவது ஓடணும்."

"மத்த எட்டு?"

"அதுவும் ஓடினா சந்தோஷம்."

அவர் எரிவாயு சிலிண்டர் வால்வு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முந்நூறு வால்வுகள் இருக்கும் பெட்டியில் பார்வைக்கே மோசமாக இருக்கும் ஒன்றைத் தேடி எடுப்பார். சோப்புத் தண்ணீரில் முக்கி ஐந்து முறை திறந்து மூடுவார். ஒரு குமிழி வந்தாலும் பெட்டி திரும்பிப் போகும். முதல் தடவையிலேயே குமிழி வந்தாலும் மீதி நான்கையும் முடித்துவிட்டுத்தான் நிராகரிப்புச் சீட்டு எழுதுவார். தொழிலாளிகள் அவருக்கு 'அஞ்சுதடவை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். அவர் பரிசோதித்து அனுப்பிய வால்வால் எந்த வீட்டிலும் தீப்பிடித்ததில்லை என்பதும் தெரியும்.

மனைவியின் தம்பி போனில் சிரித்தான். "மாமா, இந்தக் காலத்துல சிடி பிளேயரா? மியூசியத்துல கேட்டுப் பாருங்க. எல்லாத்தையும் போன்ல ஏத்தித் தரேன்னு ரெண்டு வருஷமா கத்திட்டு இருக்கேன்."

"உங்க அக்காவுக்குப் போன் வெறும் கண்ணாடி, மாப்ளே. அதுல எதைத் தடவுவா?"

"சரி, நகலாவது எடுத்து வைக்கலாம்ல?"

"ஒரே பீஸ். வெளியே அனுப்பமாட்டேன்."

"நீங்க ரிட்டயர் ஆனது ஆபீசுக்கு மட்டும்தான்," என்று சொல்லிவிட்டுத் தம்பி வைத்துவிட்டான்.

மறுநாள் காலை, மனைவி குளிக்கப் போயிருந்தபோது, அவர் ஒன்பது சிடிகளையும் மேசையில் பரப்பிப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். எட்டு சிடிகளில் சாதாரணக் கீறல்கள். அதிகம் ஓடிய ஒன்பதாவதில் விளிம்பெல்லாம் நரைத்திருந்தது. நடு ஓட்டையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பி, கடுகளவு தூரம் வந்து நின்றிருந்தது. பெட்டியிலேயே மோசமான பீஸ் அதுதான். அது ஓடினால் எல்லாம் ஓடும். எப்படியும் ஓட வேண்டியதும் அதுதானே. சிடியை மட்டும் எடுத்து டைரிக்குள் வைத்துக்கொண்டார். அவள் எண்ணும்போது குறையக் கூடாதென்று காலி உறையை அடுக்கிலேயே விட்டார்.

கடைத்தெருவில் இருந்த பெரிய கடையில் நான்கு மாடி முழுக்கத் தொலைக்காட்சிகள். சிடி பிளேயர் என்றதும் விற்பனைப் பையன் மேலாளரைப் பார்த்தான், மேலாளர் கூரையைப் பார்த்தார். கடைசியில் மாடிப்படிக்கு அடியிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. இரண்டும் கைப்பிடி வைத்த சிறிய பிளேயர்கள். மேல்மூடியைத் திறந்து, நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழில் சிடியை அழுத்திப் பொருத்த வேண்டும். எடுக்கும்போது குமிழைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு விளிம்பைத் தூக்க வேண்டும். சிடி வில் போல வளைந்து, டிக்கென்ற சத்தத்தோடு வெளியே வரும்.

"பாட்டு சிடி எங்ககிட்டயே இருக்கு சார்," என்றான் பையன்.

"இதுதான் ஓடணும்."

நேராகக் கடைசிப் பகுதிக்கு ஓட்டச் சொன்னார். கடையின் இரைச்சலுக்கு நடுவே களிமண், தண்ணீர், அம்மாவின் குரல், இருமல், சிரிப்பு. பையன் முதல் முறை புன்னகைத்தான். மூன்றாவது முறை அவர் முகத்தைப் பார்த்தான். ஐந்தாவது முறை வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அவர் டைரியில் எழுதினார்: ஐந்துக்கு ஐந்து, மூடியின் பிடி தளர்வு, ஆறு மாதம் தாங்காது.

இரண்டாவது பிளேயர் மூன்றாம் தடவையில் சிரிப்புக்கு முன் ஒருமுறை தாவியது. அங்கேயே அது தோற்றுவிட்டது. ஆனாலும் நான்காவது, ஐந்தாவது தடவைகளையும் முடித்தார். ஒவ்வொரு தடவை சிடியைக் கழற்றும்போதும் ஒரு டிக்.

"சார், பழைய சாமான் நல்லா வேணும்னா பின்தெருவுல லென்ஸ் டாக்டர்கிட்ட போங்க," என்றான் பையன். அவர் கிளம்பினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

லென்ஸ் டாக்டரின் கடை ஓர் ஆள் திரும்பினால் இடிக்கிற அகலம். காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு பிளேயர்களின் லென்ஸைத் துடைத்துத் துடைத்தே அந்தப் பெயர் வந்தது. வந்தவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து தட்டையான கறுப்புப் பிளேயர் ஒன்றை இறக்கினார். "பதினஞ்சு வருஷம் ஆன சரக்கு. மோட்டார் மாத்தியிருக்கேன். சிடித் தட்டை ட்ரேயில வெச்சா உள்ளே போயிடும், அழுத்த வேண்டாம், பிடுங்க வேண்டாம். பட்டன் பாருங்க, சோழி மாதிரி நிக்குது. புதுசுல இந்த விலைக்கு இப்படி வராது."

அவர் பட்டன்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தன. டைரியைத் திறந்து சிடியை எடுத்தார்.

லென்ஸ் டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். "வீட்டுல பதிவு பண்ணின தட்டு. ஏற்கெனவே நொந்துபோயிருக்கு. முதல்ல ஒரு நகல் எடுத்துடறேன். பத்து நிமிஷம்."

"டெஸ்ட் முடியட்டும்."

"டெஸ்ட் எங்கயும் ஓடிப்போகாதுங்க."

"நகல் புதுத் தட்டு. அது எதுலயும் ஓடும். அதை வெச்சு என்ன டெஸ்ட் பண்றது?"

"டெஸ்ட்டுக்கு எதையாவது போடுங்க. இது உங்களுக்கு வேண்டியதுதானே?"

"வேண்டியதுனாலதான் போடறேன். அஞ்சு தடவை. அப்புறம் எடுங்க நகல்."

லென்ஸ் டாக்டர் தோளைக் குலுக்கிக்கொண்டார். வாடிக்கையாளரிடம் இரண்டு முறைக்கு மேல் சொல்வது அவர் வழக்கமில்லை.

ட்ரே உள்ளே போனது. கடை சின்னதென்பதால் குரல் பக்கத்திலேயே நின்று பேசுவது போலிருந்தது. இருமலுக்கும் 'இரும்மா'வுக்கும் நடுவே அவள் மூச்சிழுப்பதை அவர் இதுவரை கேட்டதில்லை. வீட்டில் இந்தச் சிடி ஓடும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை. தாவல் இல்லை, இரைச்சல் இல்லை.

நான்காவது முறை ட்ரே உள்ளே போய், உர்ரென்று இரண்டு தடவை உறுமி நின்றது. 'டிஸ்க் இல்லை' என்று பச்சை எழுத்து வந்தது.

"உங்க மெஷின் ஃபெயில்," என்றார் அவர்.

லென்ஸ் டாக்டர் தன்னிடமிருந்த ஒரு சிடியைப் போட்டார். ஓடியது. ஒன்பதாவதை வேறு பிளேயரில் போட்டார். டிஸ்க் இல்லை. இன்னொன்றில். டிஸ்க் இல்லை. பிறகு அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கடுகளவு இருந்த விரிசல் இப்போது விரல்நுனி நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

"காலையிலிருந்து எத்தனை தடவை மாட்டிக் கழட்டினீங்க?"

"பெரிய கடையில பத்து."

"அழுத்தி மாட்டுற டைப்பா?"

அவர் தலையசைத்தார்.

"ஓட்டைக்குப் பக்கத்துலதாங்க எது எங்க இருக்குன்னு எழுதியிருக்கும். மெஷின் முதல்ல அதைத்தான் படிக்கும். விரிசல் அங்க ஏறிடுச்சு."

"அந்தக் குரல் கடைசியில இருக்கு. விளிம்புல."

"அங்கேயேதான் இருக்கு. எங்கயும் போகல. மெஷினுக்கு இது தட்டுன்னே தெரியல, அவ்வளவுதான்."

"கம்ப்யூட்டர்ல?"

"அது இதைவிட வேகமாச் சுத்தும். இந்த விரிசலோட போட்டா உள்ளேயே சிதறிடும். போடச் சொன்னா போடறேன்."

அவர் வேண்டாமென்று தலையாட்டினார். பிறகு கையை நீட்டிச் சிடியை வாங்கி டைரிக்குள் வைத்தார். நான்காவதுக்கு நேரே எழுத எதுவும் தோன்றவில்லை. கறுப்புப் பிளேயரைக் கட்டித் தரச் சொன்னார். அதன்மேல் குற்றமில்லை.

வீட்டில், பெட்டி பிரிக்கும் சத்தத்துக்கே மனைவி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்துவிட்டாள். பட்டன்களைத் தடவினாள். திறப்பது, ஓட்டுவது, நிறுத்துவது என்று அவள் விரலைப் பிடித்து அவர் காட்டினார். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க. கனமா இருக்கு. இது உழைக்கும்."

மடியிலிருந்த அடுக்கில் கடைசி உறையை உருவினாள். புள்ளிகளை எண்ணினாள். விரலை உள்ளே விட்டாள்.

"இதுல இல்லையே."

"என்கிட்ட இருக்கு." டைரியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் ட்ரேயைத் திறந்து, தானே வைத்து, தானே மூடினாள். உர்ரென்றது. மறுபடி உர்ரென்றது. நின்றது.

"என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். எதையும் விடவில்லை. விரிசலைக் காலையிலேயே பார்த்தது, அழுத்தி மாட்டியது, நகல் வேண்டாமென்றது எல்லாவற்றையும், அறிக்கை வாசிப்பது போல வரிசையாகச் சொன்னார். வேறு விதமாகச் சொல்ல அவருக்கு வராது.

அவள் அழவில்லை. ட்ரேயைத் திறந்து சிடியை எடுத்து, விரிசலை நகத்தால் தேடிக் கண்டுபிடித்தாள்.

"மொத்தம் எத்தனை தடவை ஓடுச்சு?"

"பதிமூணு."

"பதிமூணு தடவையும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நாலு வருஷமா எழுந்து எழுந்து போனீங்க. கடையில நின்னு பதிமூணு தடவை கேட்டிருக்கீங்க." சிடியை உறைக்குள் வைத்தாள். "சொல்லுங்க."

"என்னத்தை?"

"அவ சொல்றதை. நீங்கதானே கடைசியாக் கேட்டது."

அவர் தொண்டையைச் செருமினார். "இரும்மா, ஒரு பத்திதான் பாக்கி. போச்சு, இதுவும்..."

"இல்ல. முன்னாடி இருமுவா."

இருமினார். மறுபடி சொன்னார்.

"இல்ல. 'இரும்மா'வை இழுப்பா. அதட்ட மாட்டா. மறுபடி."

இழுத்துச் சொன்னார். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது.

"இல்ல," என்றாள். முகம் ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திரும்பியிருந்தது. "மறுபடி."

ஐந்து முறை ஆகியும் அவள் நிறுத்தச் சொல்லவில்லை.