முள்ளுக்குள் ஒரு மேப்பிள்

மேப்பிள் கன்றுகளில் ஒன்றில்கூடக் கொழுந்து மிஞ்சவில்லை. பஞ்சவர்ணம் குனிந்து பார்த்தாள். மாட்டு வாய் பட்ட காம்பு எப்படி நைந்திருக்கும் என்பது, எழுத்துக் கற்கும் முன்பே அவளுக்குத் தெரியும்.

மான்ட்ரியாலுக்கு மேற்கே பழைய மேய்ச்சல் நிலம் அது. அங்கே காட்டைத் திரும்ப வரவழைக்கும் ஆராய்ச்சி பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணனுடையது; பஞ்சவர்ணம் அவர் மாணவி. கோடையில் மாடு இறங்கக் கூடாது, அக்டோபரில் மட்டும் விடலாம் என்று நிலத்துக்காரர் ரோலானுடன் பேச்சு.

"கிழவன் முன்னாடியே விட்டுத் தொலைச்சிருக்கான். டீன்கிட்டச் சண்டை போடுவியே, இவன்கிட்டப் போடேன்! இனிமே இவன் நிலமே வேண்டாம்," என்றார் ஆனந்தகிருஷ்ணன் அவளிடம்.

வேலியோரம் ரோலான் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் நாள் தவறவில்லை; அக்டோபர் பிறந்த பிறகுதான் மாட்டை இறக்கியிருந்தார். தவறு வசந்தத்திலேயே நடந்துவிட்டது. கன்றுகளுக்கு வெயில் வேண்டுமென்று முட்புதர்களை வெட்டச் சொன்னார் சார். ஆடுமாடு மேயும் பூமியில் முள்ளுக்குள் முளைத்ததுதான் மரமாகும். கமுதிப் பக்கம் அப்பாவின் ஆடுகளுக்குப் பின்னால் திரிந்தவளுக்கு இதுவா தெரியாது? சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சார், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்ட, உடன் படிக்கும் ஜெயசங்கரைப் பார்த்து, "எம்.எஸ்சி. படிச்சிட்டு ஆடு மேய்க்கிறவன் மாதிரி யோசிக்கிறியேப்பா," என்று சிரித்தார். ஊரில் யாருக்கும் அடங்காத வாய் அன்றைக்கு அடங்கிப்போனது. வெட்டுக்கத்தியை எடுத்தாள். அதற்கு முந்தின வாரம்தான், சார் வீட்டில் அலமு மாமி சாம்பார் ஊற்றிக்கொண்டே "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டதற்கு, "நிலபுலன் இருக்கு மாமி," என்றிருந்தாள்.

"அவரு மேல தப்பில்ல சார்," என்றாள் இப்போது.

"பின்னே யார் மேல?"

நிலத்தின் மூலைக்கு நடந்தாள். அங்கே ஒரு புதரை மட்டும் வெட்ட மனமின்றி விட்டிருந்தாள். கையை உள்ளே விட்டு முள்ளை விலக்கினாள். இடுப்புயரத்தில், இலை சிவந்து, மேப்பிள்.

ஆனந்தகிருஷ்ணன் அப்படியே நின்றுவிட்டார். "அடக் கடவுளே. வேலியை நாமளே வெட்டிட்டோமா! உனக்கு எப்படித் தெரியும்?"

எங்கப்பா என்ற சொல் பல் வரைக்கும் வந்தது.

"எங்கேயோ படிச்சேன் சார்."

"எந்தப் புத்தகம்?" ஆசையாகப் பேனாவைத் திறந்துகொண்டார்.

முழங்கையில் ரத்தம் கோடாக இறங்கியது. ரோலானின் மாடு ஒன்று அசைந்து வந்து, சிவப்பு இலைக்கு நாக்கை நீட்டியது. முள் குத்தியது. தலையை உதறிவிட்டு, அது பஞ்சவர்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.