தொண்ணூறு நாள் தொடாதவை

ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடிக்கும். அதற்கு முன்பே விழித்திருப்பேன். அடித்த பிறகு அணைப்பேன். கட்டிலில் சுவர்ப் பக்கம்தான் நான் படுப்பது. இறங்க வேண்டுமென்றால் மற்ற பக்கத்தைத் தாண்டி வர வேண்டும். இன்னும் அப்படித்தான் தாண்டி வருகிறேன். பல் தேய்ப்பேன். அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பேன். முதல் இரண்டு மாதம் இரண்டு டம்ளர் வைத்தேன், பிறகு கை பழகிவிட்டது. தண்ணீர் கொதிப்பதற்குள் மடிக்கணினியைத் திறந்து, ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழைந்து, ஒரு வரிக் கட்டளை அடிப்பேன். ஒரு ஃபோல்டரில் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் அது ஒரு தடவை வாசிக்கும். திரையில் படம் எதுவும் வராது. எண்ணிக்கையும் எடுத்த நேரமும் மட்டும் வரும். நானூற்றுப் பன்னிரண்டு, ஒன்றரை நொடி. மூடிவிட்டு டீ குடிப்பேன். இரண்டு துண்டு ரொட்டி. குளியல். சட்டை. சாக்ஸ் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். ஏழு ஐந்துக்குக் கதவைப் பூட்டுவேன்.

இப்படி இருநூற்றுப் பதினொரு நாள்.

நான் ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்டோரேஜ் பார்க்கிறேன். அப்படிச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. கல்யாணமான புதிதில் சொந்தக்காரர் ஒருவர் இரண்டு தடவை கேட்டும் புரியாமல் விழித்தபோது என் மனைவி குறுக்கே புகுந்தாள். "கம்ப்யூட்டர் குடோன்ல வேல. எந்த மூட்டைய எங்க அடுக்கணும்னு சொல்றவரு." அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். குடோன், சோப்பு தீந்துபோச்சு. குடோன், கொஞ்சம் தள்ளிப் படு. அவள் சொன்னதில் பெரிய தவறும் இல்லை. அடித்தளத்தில், குளிரூட்டிய அறையில், ஆளுயர அலமாரி ஒன்று. உள்ளே வரிசை வரிசையாக டிஸ்க்குகள். மருத்துவமனையில் எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனும், எழுதும் ஒவ்வொரு குறிப்பும் அதில்தான் போய் உட்காரும். அந்த இடத்தை மொத்தமாகச் சேர்த்து, துண்டு போட்டு, கேட்கிற துறைக்குக் கொடுப்பது என் வேலை. கொடுப்பது என்றால், கேட்ட அளவு இருப்பதாகக் காட்டுவோம். நிரம்ப நிரம்பத்தான் உண்மையில் ஒதுக்குவோம். இதற்குப் பொய் என்று பெயரில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான்.

அலமாரியில் வேகமான டிஸ்க் கொஞ்சம், மெதுவானது நிறைய. வேகமானதில் எல்லாவற்றையும் வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் நான்கு வருடம் முன்பு ஒரு விதி எழுதினேன். தொண்ணூறு நாள் யாரும் தொடாத கோப்பு தானாகவே மெதுவான டிஸ்க்குக்கு இறங்கிவிடும். ஒரு நொடியில் திறந்தது நாற்பது நொடி ஆகும். இறந்தவர்களின் படங்கள் ஆறு மாதம் கழித்து டேப்புக்குப் போகும். டேப் வேறு கட்டடத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் எழுதிக்கொடுத்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். வீட்டில் இதை அவளுக்கு விளக்கிய ராத்திரி நன்றாக மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தச் சண்டை வந்தாலும், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், "நாளைக்குள்ள வாயத் தொறக்கலன்னா உன்ன மெதுவான டிஸ்க்குக்கு எறக்கிடுவேன் பாத்துக்கோ" என்பாள். நான் சிரித்துவிடுவேன். சண்டை அதோடு போய்விடும்.

ஏழு மாதம் முன்பு ஒரு காலை வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். ஃபோனில் எச்சரிக்கை வந்திருந்தது, அலமாரி எண்பது சதவீதம் நிரம்பிவிட்டது என்று. ஒரு கையால் லேஸை இழுத்துக்கொண்டு அதைப் படித்தேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று ஒன்று சொன்னாள். நான் "ம்" என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்தேகாலுக்கு அவளை எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் படியில் வழிவதைப் பார்த்து மேலே போயிருக்கிறார். குழாய் திறந்தபடி இருந்ததாம். நான் அடித்தளத்திலிருந்து படியேறி ஓடிப்போனபோது ஸ்ட்ரெச்சரில் கண்மூடிக் கிடந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஸ்கேன் எடுத்து, டாக்டர் திரையில் தட்டினார். படம் உடனே திறந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. நல்ல வேகம் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே விடுவதற்கு முன் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். குனிந்து என் கால்களைப் பார்த்தபோதுதான், காலையில் அவள் வாசலில் நின்று சொன்னது காதில் விழுந்தது.

மதியம் அத்தை, அவளுடைய அம்மா, வந்தார். எல்லாம் முடிந்திருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசியா எதாச்சும் சொன்னாளா மாப்ள?" என்று கேட்டார். முந்தின நாள் ஃபோனில் அம்மாவும் மகளும் சண்டை போட்டிருந்தார்கள். வாங்கிப்போன அயர்ன் பாக்ஸைத் திருப்பித் தராத விஷயம். "இனிமே உன்கிட்ட பேசுனா என்னன்னு கேளு" என்று சொல்லி அத்தை ஃபோனை வைத்திருந்தார். எனக்கு அது தெரியும். "அம்மாவப் பாத்துக்கோன்னு சொன்னா" என்றேன்.

அத்தை தினமும் ஏழே காலுக்குக் கூப்பிடுவார். அப்போது பஸ்ஸில் இருப்பேன்.

"சாப்டீங்களா மாப்ள?"

"ஆச்சு அத்த."

"என்னத்த ஆச்சு. காஞ்ச ரொட்டியக் கடிச்சிட்டு ஆச்சுங்கறீங்க." "ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. அத ஒரு தடவ சொல்லுங்களேன்."

"அம்மாவப் பாத்துக்கோன்னு சொன்னா."

"ரெண்டு தடவ சொன்னாள்ல?"

முதலில் ஒரு தடவைதான் இருந்தது. மூன்றாவது மாதம் இரண்டாகிவிட்டது. அதற்கு அடுத்த மாதம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதாக ஆனது. அதையெல்லாம் நான் சேர்க்கவில்லை. மறுக்கவும் இல்லை.

"ஆமா அத்த. ரெண்டு தடவ."

"பாருங்க. என்னோட பேசுனாலே மல்லுக்கு நிப்பா. கடைசில பாருங்க." மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் எழுந்து குளிக்கப் போவார் என்று தெரியும்.

போன வாரம் புது அலமாரி வந்தது. பழையதற்கு எட்டு வயது. பொருத்திக் கொடுக்க ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு கேபிள்களுக்கு நடுவே புகுந்து வேலை செய்வார், வாய் மட்டும் ஓயாது. அவர் கேபிள் இழுக்க, நான் டிஸ்க்குகளைக் குழு பிரித்து, ஒவ்வொரு துறைக்கும் இடம் வெட்டி, எந்த சர்வர் எதைப் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டிருந்தேன். பிடித்த வேலை. யோசிக்க வேண்டியதில்லை, ஆனால் தவறவும் கூடாது.

"பழசு நல்லா ஒழச்சிருக்கு சார். எட்டு வருசத்துல ஒரு நாள் படுக்கல. மனுசனா இருந்தா மால போட்டு அனுப்புவாங்க. இத வெள்ளிக்கெழம தொடச்சிட்டு எடைக்குப் போடப் போறோம்." டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. "மேடம் எங்க சார் வேல பாக்கறாங்க?"

"வீட்டுலதான்."

"குடுத்து வச்சவரு சார் நீங்க. நான் போறப்ப எங்க வீட்டம்மா ஆபீஸ் போயிருக்கும். வர்றப்ப தூங்கியிருக்கும். ரெண்டு பேரும் ஃபிரிட்ஜ்ல சீட்டு ஒட்டித்தான் குடும்பம் நடத்தறோம்."

நான் சிரித்தேன். சிரித்தது எனக்கே கேட்டது.

அன்று மதியம் மேனேஜர் மேடம் கூப்பிட்டார். ஐம்பது வயதுக்காரர், குரலை உயர்த்தமாட்டார். மேஜையில் நான்கைந்து தாள்கள். புது அலமாரிக்கு மாறும் முன் யார் யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்று தணிக்கைக்கு எடுத்த பட்டியல்.

"ஒரே ஃபோல்டர். இருநூத்துப் பதினோரு தடவ. காலைல ஆறு மணி வாக்குல. ஞாயித்துக்கெழமகூட விடல."

"படத்தப் பாக்கல மேடம். வாசிக்க மட்டுந்தான்."

"தெரியும். அதான் எனக்குப் புரியல. பாத்திருந்தா புரிஞ்சிருக்கும்."

தொண்ணூறு நாள் தொடாவிட்டால் இறங்கிவிடும் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவை தொட்டால் போதுமே என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ எழுதுன விதிதானப்பா அது."

"ஆமா மேடம்."

"ஆறு மாசம் தாண்டிடுச்சு. டேப்புக்குப் போற லிஸ்ட்ல இருக்கு. வேணும்னா விலக்குக் கேட்டு எழுது, நான் கையெழுத்துப் போடறேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். என்னத்தயாச்சும் போடு, யாரும் படிக்கமாட்டாங்க."

"நீங்க படிச்சீங்களே மேடம்."

அவர் தாள்களை அடுக்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டார். "போ. சாப்பிட்டுட்டு வேலையப் பாரு" என்றார்.

விலக்குப் படிவத்தைத் திறந்தேன். காரணத்துக்குக் கீழே அவர்களே சில கொடுத்திருந்தார்கள். வழக்கு. ஆராய்ச்சி. தொடர் சிகிச்சை. மற்றவை. மற்றவையைத் தொட்டால் ஒரு வெற்றுக் கட்டம் வந்தது. அதில் கர்சர் கோடு மினுக்மினுக்கென்று நின்றுகொண்டிருந்தது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் அவள் முகம் ஒன்றிலும் இல்லை. மண்டையோட்டு வளையமும், நடுவில் வெள்ளையாக ஒரு கறையும். ஆனால் எடுத்தபோது மூச்சு இருந்தது. அதற்குப் பிறகு எடுத்த படம் எதுவும் இல்லை. இதைக் கட்டத்தில் எழுத முடியாது. படிவத்தை மூடினேன். பட்டியலை அப்படியே ஓடவிட்டேன். இரண்டு லட்சத்துச் சொச்சம் கோப்புகள் கட்டுக் கட்டாக டேப்புக்குப் போயின. அவளுடையது எந்தக் கட்டில் போனது என்று பார்க்கவில்லை. அடுத்த நாள் ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய அலமாரியில் இருப்பதையெல்லாம் துடைத்தழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு அறையில் நின்றிருந்தேன். இன்ஜினியர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்த அறையில் நூற்றுக்கணக்கான விசிறிகள் ஒரே சமயத்தில் இரைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர் கத்தினால்தான் கேட்கும். ஃபோன் அதிர்ந்தது. அத்தை. அந்த நேரத்தில் கூப்பிடமாட்டார். அறைக்கு வெளியே இருக்கும் சின்ன இடைவழிக்கு வந்து, கதவைச் சாத்தி, எடுத்தேன்.

"மாப்ள, எங்க அக்கா வந்திருக்கா. உங்க வாயால ஒரு தடவ கேக்கணுங்கறா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"அத்த..."

"வேலையா இருக்கீங்களா? ஒரே நிமிசம்."

"இல்ல அத்த, அது வந்து... அன்னிக்குக் காலைல..."

"கையப் பிடிச்சதச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டேங்கறா. உன் வாய்க்கு அவ அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாங்கறா." பின்னால் இன்னொரு குரல், நான் எங்க அப்படிச் சொன்னேன் என்றது.

"பிடிச்சா அத்த," என்றேன். "கையப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு தடவ சொன்னா. அம்மாவப் பாத்துக்கோன்னு."

சொல்லும்போது அது கேட்டது. என் குரலில் இல்லை, அவள் குரலில். கொஞ்சம் மூக்கடைத்த குரல், 'பாத்துக்கோ'வில் கடைசியில் வரும் அந்த இழுப்பு. கதவு நிலையில் சாய்ந்து நின்று அவள் அதைச் சொல்வது தெளிவாகத் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்காத நான் அவள் முகத்தைக்கூடப் பார்த்தேன். அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் அழுதார்கள். ஃபோனை வைத்தேன்.

அவள் உண்மையில் சொன்னதைத் தேடினேன். வரவில்லை. எந்த முக்கியமான கோப்புக்கும் மூன்று பிரதி வைக்க வேண்டும், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். இதற்கு ஒரே பிரதிதான். யாரிடமும் சொன்னதில்லை, எங்கும் எழுதியதில்லை. பொய்யைத்தான் தினமும் ஏழே காலுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஷூ. லேஸ். ஃபோனில் எண்பது சதவீதம். குனிந்து என் கால்களைப் பார்த்தேன். இரண்டும் கறுப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துப் போட்டவை. அதற்குப் பிறகுதான் வந்தது, மெதுவாக, முதலில் அவள் வைத்த பெயர், பிறகு மற்ற சொற்கள். முழுதாக வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. நாற்பது நொடிக்கு மேல் இருக்கும்.

கதவைத் திறந்து உள்ளே போனேன். பழைய அலமாரியில் விளக்குகள் வரிசையாக அணைந்துகொண்டு வந்தன. புதியதில் எல்லாம் பச்சை. இரண்டுக்கும் நடுவில் நின்று, விசிறிகளின் இரைச்சலுக்குள், வாய்விட்டு ஒரு தடவை சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

"குடோன், சாக்ஸ் ரெண்டும் வேற வேற கலரு. பரவால்ல, யாரு பாக்கப் போறா, போ."