இருபத்தைந்தாவது கையெழுத்து

மாகாண சபை உறுப்பினர் இராஜரட்ணத்தைக் கதிரையிலிருந்து இறக்குவதற்கென்று கனடாவின் ஸ்காபரோவில் கூட்டிய கூட்டத்தில், மங்கல விளக்கேற்ற இராஜரட்ணமே அழைக்கப்பட்டார்.

யாரும் திட்டமிடவில்லை. அவர் அழைப்பில்லாமல் வாசலில் தோன்றியபோது ஒலிவாங்கி கூட்டத் தலைவர் பத்மநாதனின் கையில் இருந்தது. இருபது வருடப் பழக்கம். "எங்கட மதிப்புக்குரிய" என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. பொன்னாடையும் வந்தது. ஸ்காபரோ மண்டபங்களில் தீயணைப்புக் கருவி இருக்குமோ தெரியாது, பொன்னாடை இருக்கும்.

"அங்கிள், என்ன செய்யிறீங்கள்?" என்று கௌசி பல்லைக் கடித்தாள்.

"வந்த மனிசனை வாசல்ல நிக்க வைக்கிறதே, பிள்ளை?"

கௌசி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். அவள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் போன மாதம் எல்லாக் கதவுகளுக்கும் அடியில் ஒரு கடிதம் தள்ளப்பட்டிருந்தது: திருத்த வேலை, அறுபது நாளில் வெளியேறவும். அதற்கு வழிவிட்ட சட்டத்துக்குச் சபையில் எழுந்து நின்று 'ஆம்' சொன்னவர் இராஜரட்ணம். அடுத்த தேர்தலுக்கு அவருடைய கட்சியிலேயே வேட்பாளர் இடத்துக்கு அவரோடு போட்டியிட, கட்சி அங்கத்தவர்கள் இருபத்தைந்து பேரின் கையெழுத்து அவளுக்கு வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்குள். இப்போது மூன்றரை. படிவத்தில் பத்தொன்பது.

மண்டபத்தில் அறுபது அங்கத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அறுபது வீட்டுச் சுவர்களிலும் இராஜரட்ணம் கொடுத்த பாராட்டுப் பத்திரம் தொங்கியது. அரங்கேற்றம், கடை திறப்பு, அறுபதாம் கலியாணம், எதையும் அவர் விட்டதில்லை.

"எல்லாரும் 'அவர் எங்கட வெடிங்குக்கு வந்தவர்' எண்டுறாங்கள், அக்கா," என்றான் தம்பி பிரவீனன். "லைக், ரெண்டு நிமிஷம் வந்தவர்."

மேடையில் இராஜரட்ணம் ஒலிவாங்கியை எடுத்தார். நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து அவர் பேசியதில்லை. சாப்பாடு இன்னும் வராததால் யாரும் எழுந்து போகவும் முடியாது.

கௌசி படிவத்தை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனாள், அவருடைய கண் முன்னாலேயே.

"அவர் பாக்கிறார், பிள்ளை. மேசைக்குக் கீழ வைச்சுப் போடட்டே?" என்று முதல் மேசையில் ஒருவர் கேட்டார்.

"பாக்கட்டும். ஒளிச்சுப் போடுற கையெழுத்து எனக்கு வேண்டாம்."

அந்த மேசையில் ஒரு கையெழுத்தும் விழவில்லை. அடுத்த மேசையில் அவளுடைய கட்டடத்து ஸவாஹிர் நானா எழுந்து நின்றே கையெழுத்துப் போட்டார். "அவர் நிண்டுதானே வோட் போட்டவர்," என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள்.

இருபத்துநான்கு. அதோடு நின்றுவிட்டது. மணி நாலு இருபது. எல்லோரும் திடீரென்று பேச்சை உன்னிப்பாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

அப்போது, கௌசியின் கட்டடத்திலேயே மகளோடு குடியிருக்கும் கமலாம்பிகை அன்ரி அவளுடைய கையிலிருந்த படிவத்தை வாங்கிக்கொண்டு மேடைக்கு ஏறினார்.

"தம்பி, பேனையை ஒருக்கா தாங்கோ."

தன் சேவைகளில் பதினோராவதைச் சொல்லிக்கொண்டிருந்த இராஜரட்ணம், பேச்சை நிறுத்தாமலே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அன்ரி படிவத்தை அவருடைய பேச்சுத் தாளின் மேல் வைத்து, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார்.

"என்னக்கா உது?"

"உங்களைத் தூக்கிறதுக்கு."

ஒலிவாங்கி அதையும் மண்டபம் முழுக்கக் கொண்டு போனது.

"நான் உங்கட மகளின்ர கலியாணத்துக்கு வந்தனான்."

"ஓம், வந்தனீங்கள். சாப்பிட்டும் போனனீங்கள். இப்ப அவள் ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு எங்க போறது?"

இராஜரட்ணம் தாளைப் புரட்டினார். பிரவீனன் படிவத்தை வாங்கிக்கொண்டு காருக்கு ஓடினான். கட்சி அலுவலகம் பத்து நிமிடத் தூரம்.

அன்ரி பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, வோட்டு நாளுக்கு ஆக்களை ஏத்த வான் அனுப்புவீங்கள்தானே? எங்கட கட்டடத்துக்கு ரெண்டு அனுப்புங்கோ. ஒண்டு காணாது."