எதிர்வீட்டில் வளர்ந்த தாய்மாவு

நெடுவழி நடந்த ஆறு ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பதுபோல் வளையும் இடத்தில், கரையிலிருந்து மேடுவரை படிப்படியாக ஏறிச் செல்லும் ஊர் ஒன்று. அவ்வூரின் நடுவே, மேட்டிலிருந்து கரைவரை சரிந்திறங்கும் கல்பாவிய தெரு ஒன்று. கீழ்வானம் வெளுத்து, கூரை விளிம்புகளில் முதல் ஒளி படிந்து, நீர்மேல் கிடந்த பனிமூட்டம் மெல்ல விலகத் தொடங்கும் பொழுதில் அங்கே கால்வைப்பவர், தெருவைக் கண்ணால் காண்பதற்கு முன் மூக்கால் காண்பர். ஏழு அடுமனைகளின் புகைபோக்கிகளும் புகைவிட, ஏழு சூளையடுப்புகளிலிருந்தும் எழுந்த மணம் ஒன்றோடொன்று கலந்து, உறங்குவாரை எழுப்பி, எழுந்தாரைப் பசிக்கச் செய்து, பசித்தாரைச் செருப்பு மாட்டவும் விடாமல் வெளியே இழுத்துவரும். அங்கே விற்பது ரொட்டி. செந்தமிழில் கதை சொல்லப் புகுந்தவன் இச்சொல்லை ஆளலாமா என்று முகஞ்சுளிக்கும் அன்பர் பொறுத்தருள்க. விருந்தாக வந்து வீட்டுப்பிள்ளையாகிவிட்ட சொல்லை வெளியே நிறுத்திக் கதவடைக்க எனக்கு மனமில்லை.

அந்த ரொட்டிக்கு உயிர் தருவது தாய்மாவு. மாவும் நீரும் கலந்து புளிக்கவிட்ட சிறுகலவை அது; நாள்தோறும் அதில் ஒரு பங்கை எடுத்துப் பிசையும் மாவில் சேர்த்து, எடுத்த அளவுக்குப் புதுமாவும் நீரும் இட்டு வளர்ப்பர். இதற்குத் தீனி போடுதல் என்று அத்தெருவில் பெயர். தீனி தவறாதவரை தாய்மாவுக்கு மூப்பும் இல்லை, சாவும் இல்லை. பாட்டன் கரைத்தது பேரன் கையில் பொங்கும். வீட்டுக்கு வீடு அதன் மணம் வேறு, புளிப்பு வேறு. ஏழனுள்ளும் தலைசிறந்தது ஆற்றங்கரை மூலையிலிருந்த அடுமனையின் தாய்மாவே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதை உடையவளுக்கு அறவே இல்லை.

அவளை எல்லாரும் மூலையக்கா என்றே அழைத்தனர். சொன்ன சொல் மாறாதவள், எடை குறைக்காதவள், கருகிய ரொட்டியைக் கடைப்பலகையில் வைக்க நாணுபவள். ஆயினும் தன்னுடையது என்று ஒன்றைப் பற்றிவிட்டால் விரலைப் பிரித்தும் வாங்க முடியாதவள். தேன்மணமும் மெல்லிய புளிப்பும் உடைய அவள் ரொட்டிக்காக மேட்டுத்தெரு மாந்தர் மழையிலும் வந்து வரிசையில் நின்றனர். அவளுக்கு எதிர்க்கடையில் இருந்தவளோ, மாவைப் பிசையும்போதும் அதனோடு பேசிக்கொண்டே பிசைபவள். அதனால் தெரு அவளுக்கு இட்ட பெயர் தாலாட்டு. அவள் ரொட்டி நல்ல ரொட்டிதான். ஆனால் அதற்காக எவரும் மழையில் நனைந்ததில்லை.

முன்பு அங்கே அடுமனைகள் எட்டு இருந்தன. எட்டாவது தீக்கு இரையாகி, அதற்கு உரியவர் வேற்றூர் சென்றுவிட, எஞ்சிய எழுவரும் வாயளவில் வருந்தி, மனத்தளவில் அவருடைய வாடிக்கையாளரைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். நடந்ததோ வேறு. வரிசைகள் நீளவில்லை, குறுகின. எழுவருக்கும் மாவரைத்துத் தரும் ஆலைக்காரர், வாய் சற்று நீளமாயினும் நெஞ்சு நேரானவர், அவர்களை ஆலை முற்றத்தில் கூட்டி உட்காரவைத்தார்.

"ஒரு கடை போனா நம்ம கடைக்குக் கூட்டம் சேரும்னு மனக்கோட்டை கட்டினீங்க. இப்ப என்னாச்சு? தெருவுக்கு வர்ற ஆளே கொறைஞ்சு போச்சு. இங்க வந்தா வேணுங்கறது எதுவும் கெடைக்கும்னுதான் அவங்க மேடு எறங்கி வந்தாங்க. தனித்தனியா நின்னா ஒவ்வொருத்தரா போவீங்க. அப்புறம் மாவு வாங்க ஆளில்லாம நானும் உங்க பின்னாடியே வரணும்."

அன்று பிறந்தது அத்தெருவின் உடன்பாடு. விறகு பொதுக்கொட்டிலில் அடுக்கப்படும். ஒருவர் அடுப்பு பழுதுபட்டால் அடுத்தவர் அடுப்பு பிற்பகலில் அவருக்குத் திறக்கும். ஒவ்வொரு வீட்டுத் தாய்மாவிலும் ஒரு பங்கு இன்னொரு வீட்டில் வளரும், காப்பவர் அதைத் தம் ரொட்டிக்கு ஒரு கிள்ளும் எடுக்கலாகாது. தீயோ நீரோ ஒரு வீட்டில் புகுந்தாலும் அவ்வீட்டின் உயிர் மற்றொரு வீட்டில் இருக்கட்டும் என்பதே அதன் கருத்து. போட்டியாளரே ஒருவர்க்கொருவர் செவிலியர் ஆகிய இவ்வேற்பாட்டை எண்ணுந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. மூலையக்காவின் தாய்மாவைக் காக்கும் பொறுப்பு தாலாட்டுக்கும், தாலாட்டின் தாய்மாவைக் காக்கும் பொறுப்பு மூலையக்காவுக்கும் வாய்த்தன.

மூலையக்கா தலையசைத்துவிட்டு வீடு திரும்பினாள். திரும்பியவள் உள்ளத்தில் ஓர் அச்சம் புகுந்து குடைந்தது: எதிர்க்கடையில் தன் தாய்மாவை வைத்தால், நாளையே தன் வரிசை தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்காதா? ஆதலால் அவள் வேறொரு கலத்தில் வெறும் மாவையும் நீரையும் கரைத்து, இரண்டு நாள் புளிக்கவைத்து, கழுத்தில் துணி கட்டி எடுத்தாள். அடுப்பருகே நின்ற அவள் கணவன் அதை மோந்து பார்த்தான்.

"இது நம்ம மாவு இல்லையே?"

"பேசாம இருங்க. ஊருக்குத்தான் உடன்பாடு, நமக்கு வயிறு இருக்கு."

மனைவியின் சொல்லுக்கு மறுசொல் சொல்லி வென்றறியாத அந்நல்லவன், விறகை அடுக்கத் தொடங்கினான். அக்கலம் தெருவைக் கடந்து போயிற்று.

தாலாட்டு அதை இரு கையாலும் வாங்கினாள். முதல் நாளே அது சோர்ந்து கிடந்தது; பொங்கவில்லை, புளிநெடி மட்டும் வீசியது. தலைசிறந்த தாய்மாவுக்குத் தன் வீட்டில் வந்த கேடு இது என்று கலங்கிய அவள், "பெரிய எடத்துப் புள்ள, நம்ம வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல போல" என்று தன்னைத்தானே நொந்துகொண்டு, அதனை அடுப்பின் வெம்மை படும் மாடத்துக்கு மாற்றி, வெதுவெதுப்பான நீர் வார்த்து, தன் ரொட்டிக்கும் போடாத உயர்ந்த மாவை அதற்குத் தீனியாக இட்டாள். காய்ச்சல் கண்ட குழந்தையை ஒக்கலில் வைத்துத் திரிவதுபோல் அதைக் குளிரில் போர்த்தினாள், வெயிலில் நிழல் தேடி வைத்தாள். பருவங்கள் மாற மாற, அப்பேதைக் கலவை தேறியது. தேறி, நுரைத்து, மூடியைத் தள்ளியது. ஆனால் அவள் ஒரு கிள்ளும் எடுத்துத் தன் ரொட்டியில் சேர்க்கவில்லை.

மூலையக்கா இதை எதிரே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்று திருடுவாள், நாளை திருடுவாள் என்று காத்திருந்தவளுக்கு, ஆண்டுகள் சென்றும் எதிர்க்கடை ரொட்டி அதே எதிர்க்கடை ரொட்டியாகவே இருந்தது பெருநாணமாயிற்று. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் எண்ணாத மாதம் இல்லை. நாளை சொல்லலாம் என்று தள்ளாத நாளும் இல்லை. நீதியின் பொருட்டு இதையும் சொல்லவேண்டும்: தாலாட்டின் தாய்மாவை அவள் ஒருநாளும் பட்டினி போட்டதில்லை. அதனை ஒளி படும் மேல்மாடத்தில் வைத்துப் பேணினாள். தன்னுடையதை மட்டும் பிறர் கண்ணில் படாமல் நிலவறையில் வைத்துக் காத்தாள். மறைத்து வைப்பதே காப்பது என்று அவள் நம்பினாள்.

மலைப்பக்கத்தில் பெய்த பெருமழை, இவ்வூரில் வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் ஆறாக வந்து சேர்ந்தது. கரைகடந்த நீர் தெருவின் அடிமுனையிலிருந்த மூலைக்கடைக்குள் முதலில் நுழைந்து, நிலவறையை நிரப்பி, படியேறி, சூளையடுப்பின் வாய்க்குள்ளும் புகுந்தது; எதிர்க்கடை உயர்ந்த மேடைமேல் கட்டியதால் தப்பியது. நானே நேரில் கண்டேன் என்று சொல்லத் தோன்றும்படி, அத்தெரு செய்ததை இன்றும் அங்குள்ளோர் சொல்கின்றனர்: அறுவரும் தத்தம் அடுப்பை அப்படியே விட்டு இறங்கி ஓடிவந்து, இடுப்பளவு நீரில் கைமாற்றிக் கைமாற்றி மாவுமூட்டைகளை மேலேற்றினர். மூலைக்கடை, ஊர் மருத்துவமனைக்கு நாள்தோறும் அனுப்பும் ரொட்டியை ஆறு கடைகளும் பகிர்ந்து சுட்டு, தம் கூடையில் அன்றி, மூலைக்கடையின் நீலத்துணி போர்த்த கூடைகளில் வைத்தே அனுப்பின. கடைவாயிலில் வந்து நின்ற அவள் வாடிக்கையாளரிடம், "மூலைக்கடை சீக்கிரம் தெறந்துரும், அதுவரைக்கும் இத வச்சுச் சமாளிங்க" என்றனரேயன்றி, எவரையும் தமக்கெனப் பிடித்துக்கொள்ளவில்லை.

நீர் வடிந்தபின் நிலவறையில் சாடி உடைந்து கிடந்தது. சேற்றிலிருந்து அதன் உடைந்த துண்டை எடுத்துப் பார்த்த மூலையக்கா, பெற்றதைப் பறிகொடுத்தவளாய்ப் படியில் அமர்ந்துவிட்டாள். அவ்வேளையில் தாலாட்டு, வியர்வையும் சிரிப்புமாக, துணி கட்டிய கலம் ஒன்றை மார்போடு அணைத்தவாறு வந்தாள்.

"அக்கா, எதுக்கு அழுவுறீங்க? உங்க புள்ள என்கிட்ட பத்திரமா இருக்கு. மொதல்ல கொஞ்சம் அடம் புடிச்சுது, இப்ப பாருங்க, மூடி நிக்கல!"

மூலையக்கா கலத்தை வாங்கிக்கொண்டாள். அன்று பிற்பகல் எதிர்க்கடை அடுப்பு அவளுக்காகத் திறந்தது. அக்கலத்தின் மாவை எடுத்து அவள் பிசைந்தாள், உருட்டினாள், அடுப்பிலிட்டாள். தெரு முழுவதும் அந்த முதல் ரொட்டிக்காகத் திரண்டு நின்றது. ஆலைக்காரர் அதைப் பிய்த்து எல்லார்க்கும் கொடுத்தார். மென்றவர் ஒருவரையொருவர் பார்த்தனர். பொன்னிற மேலோடும் வறுத்த கொட்டையின் மணமுமாய், அது நல்ல ரொட்டி. மிக நல்ல ரொட்டி. ஆனால் மூலைக்கடை ரொட்டி அன்று.

முதலில் உடைந்தவள் தாலாட்டு. "நான்தான் கெடுத்துட்டேன். ஒரு கோடையில உடம்பு முடியாம ரெண்டு நாள் கவனிக்கல. அதுலதான் கொணம் மாறியிருக்கும். ஊரே நம்பிக் குடுத்த பொருள இப்படிப் பண்ணிட்டேனே!" என்று முகத்தை மூடி அழுதாள். மூலையக்காவின் கணவன் தலைகுனிந்தான். "அழுவாதம்மா, நீ வேணும்னேவா பண்ணின?" என்று ஆலைக்காரரும் தேற்றத் தொடங்கினார்.

மூலையக்கா வாயை மூடியிருந்தால் போதும். பழி தானாகவே எதிர்க்கடையில் போய்த் தங்கிவிடும், பெருமை தன் பக்கமே நிற்கும். அதை அவள் அறிந்தாள். அழுகின்றவளின் கைகளைப் பார்த்தாள். தன் பொய்யைப் பல ஆண்டு சுமந்து உண்மையாக்கிய கைகள் அவை. பொறுக்க முடியவில்லை அவளால்.

"அவ கெடுக்கல. நான் குடுத்ததே எங்க மாவு இல்ல. சும்மா மாவும் தண்ணியும் கரைச்சு அவ தலையில கட்டினேன். எங்க மாவு நெலவறையோட போயிருச்சு. இனிமே அது எங்கயும் இல்ல."

அறிவுரை சொல்ல ஆலைக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் மனைவி கையைப் பிடித்து அழுத்த, அது தொண்டையிலேயே நின்றது. தாலாட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் கண் சிவந்திருந்தது, குரல் நடுங்கவில்லை.

"இத்தன வருஷம் ராத்தூக்கம் கெட்டு வளத்தேன், அக்கா. இன்னிக்கு நான் அழுததையும் நின்னு பாத்தீங்க. என் கோவம் ஆற நாளாகும். ஆனா மாவு காத்துக்கிட்டு இருக்காது. நவுருங்க, தீனி போடணும்."

அவ்வாறே அவள் மாவை அள்ளி, நீரை வார்த்து, எல்லார் முன்னும் அக்கலத்துக்குத் தீனி போட்டாள். போட்டு, அதை மூலையக்காவின் கையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள். சினம் ஒரு பக்கமும் கடமை ஒரு பக்கமும் இழுக்க, கடமையைச் செய்து முடித்துச் சினத்தையும் கைவிடாத அப்பெண்மணியை வணங்காமல் நான் இக்கதையைத் தாண்டிச் செல்ல மாட்டேன்.

ஈரம் உலர்ந்து மூலைக்கடை மீண்டும் திறந்த நாளில், மூலையக்கா தன் சூளையில் முதல் ரொட்டி சுடுமுன், அத்தாய்மாவை ஆறு கலங்களில் பங்கிட்டு, ஒரு வீட்டுக்கு ஒன்றென ஆறு வீட்டுக்கும் தானே சுமந்து சென்றாள். கடைசியாக எதிர்க்கடைக்கு வந்தாள். தாலாட்டு கையை நீட்டவில்லை.

"இந்தத் தடவ மோந்து பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

"பாரு தங்கச்சி. நாக்குல வச்சும் பாரு."

தாலாட்டு துணியை அவிழ்த்தாள், குனிந்து மோந்தாள், சுண்டுவிரலால் தொட்டு நாவில் வைத்து, கண்ணை மூடி, எதிரில் நிற்பவளுக்கு வியர்த்துவிடும் அளவுக்குத் தாமதித்தாள்.

"என் புள்ளதான்," என்று சொல்லி வாங்கி, அடுப்பு மாடத்தில் அது பழைய நாளில் இருந்த அதே இடத்தில் வைத்தாள்.

அன்பரே, தேன்மணமுடைய அப்பழைய ரொட்டியை இனி எவரும் உண்ணப்போவதில்லை. காக்கத் தெரிந்தவளுக்குக் கொடுக்கத் தெரியாமையால் அழிந்தது அது. அதை நினைத்துப் பெருமூச்சு விடும் முதியோர் மேட்டுத்தெருவில் இன்னும் உளர், அவர்களோடு நானும் வருந்துகிறேன். ஆயினும் பொழுது புலரும்போது ஏழு புகைபோக்கிகளும் முன்போலவே புகைகின்றன. மூலைக்கடையின் முன் வரிசை நிற்கிறது; மழை பெய்தால் நனைந்துகொண்டும் நிற்கிறது. முதல் ரொட்டியைக் கடைப்பலகையில் வைக்குமுன் மூலையக்கா அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போகிறாள்; தாலாட்டு பிய்த்துத் தின்று, தலையசைத்தபின்னரே விற்பனை தொடங்குகிறது.