வடக்கே தலை

சூறாவளி அடித்து அன்றோடு நூற்று இருபத்தெட்டு நாள். பிறைக் கணக்கில் நாலு மாதமும் பத்து நாளும். புருசன் மவுத்தானால் பெண் வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளே இத்தா இருக்கவேண்டிய கணக்கு அது. ஸுல்பிகா ஒரு நாள்கூட இருக்கவில்லை. வயற்காவலுக்குப் போன கச்சிமுகம்மது அந்த இரவுக்குப் பிறகு வரவுமில்லை, அடக்க மையித்தும் கிடைக்கவில்லை.

"மவுத்து எப்பத் தெரிஞ்சாலும் மவுத்தான நாளிலிருந்துதான் கணக்கு" என்று பள்ளி லெவ்வை சொல்லியிருந்தார். அப்படியானால் இன்று பொழுதுபட மஃரிபோடு எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் ஒரு பொழுதாவது அவனுக்காக வெள்ளை உடுத்து இருக்க நினைத்தாள். ஒருவேளை உயிரோடிருப்பவனுக்கு எப்படி உடுப்பது?

காலையில் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சுஹறா எட்டிப் பார்த்தாள்.

"என்னகா, பச்சைச் சாரியோட வட்டைக்கா? வெள்ளையா நிறமா, ஒண்டை முடிவெடு புள்ள."

"முடிவு என்ட கையிலயா கிடக்கு?"

மாவடிப்பள்ளி வட்டையில் நெல் வெட்டு முடிந்திருந்தது. புருசனின் காவல் வாடிக் குடிசை நின்ற மேட்டில் புல் காய்ந்து கிடந்தது. அதன் பின்னால் ஓரிடத்தில் மட்டும் காட்டுக்கடுகு, நாலிதழ் மஞ்சள் பூக்களோடு. மிளகாய்ப் பாத்தியில் அவள் கண்ட பூண்டுதான். விதை வருசக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கும். கிளறி வெளிச்சம் பட்டால் எழும்பும்.

இங்கே யார் கிளறியது?

கொழுந்து கிள்ளிக்கொண்டே போனவள் நிமிர்ந்தாள். பூண்டு முளைத்திருந்தது ஓராள் நீளம். தெற்கு வடக்காக, மையித்து அடக்குகிற வாக்கில். காற்று இல்லை. பூக்கள் ஆடின.

பின்னேரம் அசருக்குப் பிறகு தம்பி பக்கீருக்குச் சோறு போட்டாள். சூறாவளிக்குப் பிறகு மச்சானைத் தேடிப் போய், நகம் கிழிந்து, "ஒண்டுமில்ல ராத்தா" என்று திரும்பி வந்தவன் அவன். அதன்பின் வட்டைப் பக்கம் போகவே இல்லை.

"இதென்ன கீரைச் சுண்டல், காறுது?"

"காட்டுக்கடுகு."

"எங்க கிள்ளின?"

"வாடிக்குப் பின்னால. வடக்க தலையும் தெற்க காலுமா முளைச்சிருக்கு."

அவன் வாயிலிருந்ததைக் கையில் துப்பினான். ஸுல்பிகா தன் சோற்றுக் கோப்பையைத் தொடவே இல்லை.

"சொல்லு தம்பி. மஃரிபு பாங்குக்கு முன்னம் சொல்லு."

"ஊரெல்லாம் தண்ணி ராத்தா, குளிப்பாட்ட ஒருத்தருமில்ல. கபன் துணி இல்ல. ஜனாஸாத் தொழ ஆளில்ல. மூணாம் நாள்... வைச்சிருக்க ஏலாது. நாயப் புதைக்கிற மாதிரி... எப்பிடி உங்களுக்கிட்ட சொல்ற?"

"ஆரை?"

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கீர் சொன்னான்:

"நான்தான் மச்சான அங்க அடக்கின."