பாசமிகு தந்தையும் ஆவார்

தகப்பன் செத்த செய்தி வதனிக்கு ஒரு வேலையாகத்தான் வந்து சேர்ந்தது. காலையில் அவள் குசினி வாசலில் தேத்தண்ணீரோடு நின்றபோது, சாவுக் காரியங்களைப் பொறுப்பெடுக்கும் மலர்ச்சாலைக்காரர் அனுப்பிய குரல் பதிவைப் புருஷன் டொமினிக் தன் போனில் போட்டான். வெல்லாவெளி கதிர்காமத்தம்பி காலமானார், நாளைக்கு நல்லடக்கம், இன்றைக்கே ஊரெல்லாம் அறிவிக்க வேண்டும். காலஞ்சென்ற ஆச்சிப்பிள்ளையின் அன்புக் கணவரும் சிவதர்ஷன், ரதீஸ் ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார். அத்தோடு பிள்ளைகள் முடிந்துவிட்டார்கள். வதனி என்று ஒருத்தி அந்த வீட்டில் பிறக்கவே இல்லை.

சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரனைக் கட்டிக்கொண்டு கல்லாற்றுக்குப் போனவளைத் தகப்பன் அன்றைக்கே தலைமுழுகிவிட்டார். அதற்கு முன்பு மட்டும் என்ன வாழ்ந்தது? வதனிக்குச் சின்ன வயதிலிருந்தே கட்டைக் குரல். வீட்டுக்கு ஆள் வந்தால் அறைக்குள் போய்விட வேண்டும், ஆம்பிளைக் குரலில் கதைத்து மானத்தை வாங்கக்கூடாது என்பது தகப்பனின் சட்டம். அவளும் தலையை ஆட்டியே பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். கடையில் சீனி கேட்கவும் கையை நீட்டிக் காட்டுவாள்.

டொமினிக் மரண அறிவித்தல் ஓட்டோ வைத்திருந்தான். கூரையில் ஸ்பீக்கர், உள்ளே மைக். அறிவித்தல் சொல்கிறவன் கத்தாருக்குப் போனதும் டொமினிக்கே சொல்லிப் பார்த்தான். மீன்காரன் வந்துவிட்டான் என்று பெண்கள் சட்டியோடு ஓடிவந்தார்கள். வேறு வழி தெரியாமல் மைக்கை இவளிடம் நீட்டினான். முதல் நாள் துவாயால் தலையை மூடிக்கொண்டுதான் பேசினாள். ஆனால் அந்தக் கட்டைக் குரல் ஸ்பீக்கரில் ஏறியதும் ரோட்டில் போன சைக்கிள்கள் நின்றன. செத்தவர் யாரென்று தெரியாதவர்களும் வேலியோரம் வந்து நின்று கேட்டார்கள். அதன்பிறகு துவாய் தேவைப்படவில்லை. வாவியின் இரண்டு கரையிலும் அந்தத் தங்கச்சியின் குரல்தான் வேண்டும் என்றார்கள். சந்தையில் அவள் பேரம் பேசினால் வியாபாரிகள் தலையைச் சொறிந்தார்கள். தன் குரலைக் கேட்க அவளுக்கே ஆசையாக இருந்தது.

இந்த ஒன்றை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று டொமினிக் கெஞ்சினான். வதனி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏறினாள்.

"நான்தான் சொல்லப்போறன். என்ட பேரையும் சேத்துத்தான் சொல்லுவன்."

பட்டிருப்புப் பாலம் கடந்து வெல்லாவெளி போய்ச் சேர்ந்தார்கள். ஊர் எல்லையில் மைக்கை எடுத்தாள். சிவதர்ஷன், வதனி, ரதீஸ் ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார் என்று பிசகாமல் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்லும்போதே அண்ணன் சிவதர்ஷன் ஓடிவந்து ஓட்டோவை மறித்தான். உள்ளே குனிந்து பார்த்தான்.

"நீயா இது?" என்றான்.

போன வருஷம் மண்டூரில் ஒரு சாவீட்டு அறிவித்தலை அப்பா சைக்கிளை நிறுத்திவைத்துக் கேட்டாராம். வீட்டுக்கு வந்தும் அதே கதையாம்.

"நான் செத்தா அந்தப் புள்ளையத்தான் சொல்ல விடணும் எண்டவர். அதுதான் மலர்ச்சாலையில கேட்டுப் பிடிச்சம். நீயெண்டு அவருக்குத் தெரியா."

"தெரிஞ்சிருந்தா?"

அண்ணன் நிலத்தைப் பார்த்தான். "கேட்டிரிக்க மாட்டார்."

பெற்றவருக்கு மகளின் குரல் தெரியவில்லை. வீட்டுக்குள் அதைக் கேட்க விட்டிருந்தால்தானே தெரிவதற்கு. அண்ணன் கண்டிப்பாகச் சொன்னான்: உன் பெயரை விட்டுவிட்டுச் சொல்வதென்றால் சொல், இல்லையென்றால் இப்படியே திரும்பிப் போ, வீட்டுப் பக்கம் மட்டும் வந்துவிடாதே. டொமினிக் ஓட்டோவைத் திருப்பப் பார்த்தான். அவள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். தகப்பன் அவளிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். ஆள் தெரியாமல் கேட்டாலும் கேட்டது கேட்டதுதானே.

தன் பெயரை விட்டுவிட்டுச் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. நடுங்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாவீட்டுக்கு முந்தின வளைவில் ஓட்டோ மெதுவாகப் போனது. அந்த ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வேலியோரம் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"கேக்கக் கேக்க அழுகை வருது புள்ள. நீங்க எந்த ஊர்? ஆர்ட மகள்?"

வதனியின் விரல் மைக்கின் சுவிட்சில் இருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை.

"கதிர்காமத்தம்பிட மகள்," என்றாள் மைக்கில்.

வீடுகளைத் தாண்டி வயல் வட்டைவெளி வரைக்கும் அது கேட்டது. சாவீட்டில் ஒப்பாரி நின்றது. வதனி வளைவுக்கு அப்பால் தெரிந்த சாவீட்டு வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து அதை இழுத்துச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒப்பாரி மறுபடியும் தொடங்கியது. அவளை யாரும் கூப்பிடவில்லை.